பச்சை வந்தால் போதும்

அந்த ஹெட்போனைத் தொட்டாலே எனக்குக் குமட்டும். காதில் பொருந்தும் கறுப்புப் பஞ்சில் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் ஊறிப்போய், வெயில் ஏற ஏற ஒரு வாடை கிளம்பும். காலையில் ஒரு வகுப்பு போட்டுக் கழற்றியதை அடுத்த பாடவேளையில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். பேன் பரவுகிறது என்று ஒரு அம்மா வந்து சண்டை பிடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆயாம்மா ஏதோ மருந்தைத் தெளித்துத் துடைக்க ஆரம்பித்தார். எண்ணெய் வாடையோடு மருந்து வாடையும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான் பலன். டேப்லெட் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூக்கைத் துடைத்த விரல், சட்னி தொட்ட விரல், எல்லாம் அதன் மேல்தான் ஓடும்.

அழுக்கு எனக்குப் புதிதில்லை. இத்தனை வருடம் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவளுக்கு மூக்குச்சளி ஒரு விஷயமா? துணியை நனைத்துத் துடைத்தால் போயிற்று. துடைத்தும் போகாத ஒரு அருவருப்பு அந்தக் கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பள்ளி ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், உத்தனப்பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. தனியார் பள்ளி. கம்பெனிகளுக்கு நிலத்தை விற்ற ஒரு விவசாயக் குடும்பம், மிச்சமிருந்த நிலத்தில் கட்டியது. தாளாளர் கெட்ட மனிதர் இல்லை. ஆயாம்மாவைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆனால் பெங்களூரில் எந்தப் பள்ளியிலாவது புதிதாக ஒன்றைப் பார்த்துவிட்டால் அது நம் பள்ளிக்கும் வந்தாக வேண்டும் அவருக்கு. பிள்ளைகள் எல்லாம் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வேனில் வருகிறவர்கள். அப்பா சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனியில் இருப்பார். அம்மா ரோஜாத் தோட்டத்துப் பாலிஹவுஸில், இல்லையென்றால் அவரும் கம்பெனியில். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். வாசல் பலகையில் ஆங்கில வழிக் கல்வி என்று எழுதியிருக்கிறோம், அந்தக் கதையை இப்போது எடுத்தால் முடியாது. நான் நாகரசம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். ஒரே வாக்கியத்துக்குள் மூன்று பாஷை ஓடுவதைக் கேட்டு வந்த புதிதில் முழித்திருக்கிறேன். இப்போது நானும் அப்படித்தான் பேசுகிறேன்.

போனைக் கண்டாலே ஆகாத ஆள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். பெங்களூர் பஸ்களின் போர்டைப் படிக்க, கன்னட எழுத்தை நான் போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். சமையலறையில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் பேனாவுமாக எழுதிப் பழகினேன். அந்த வீடியோவில் பேசிய முகம் தெரியாத அம்மாளுக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். ஆகவே பள்ளிக்கு டேப்லெட் வரப்போகிறது என்று தெரிந்தபோது மற்ற ஆசிரியைகள் முகத்தைச் சுளிக்க, நான்தான் சந்தோஷப்பட்டேன். என் வாயால்தான் நல்லது சார், வாங்குங்கள் என்று சொன்னேன்.

விற்ற கம்பெனியிலிருந்து ஒரு இளைஞர் வந்து எங்களுக்குச் செய்து காட்டினார். திரையில் ஒரு பத்தி வரும். பிள்ளை அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். மிஷின் காது கொடுத்துக் கேட்கும். ஒவ்வொரு சொல்லும் சரியாக வந்ததா, எவ்வளவு வேகத்தில் வந்தது, எங்கே தயங்கியது என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் கடைசியில் ஒரு நிறம் காட்டும். நன்றாகப் படித்தால் பச்சை. சுமாராக இருந்தால் மஞ்சள். தேறாவிட்டால் சிவப்பு. திரையின் மூலையில் கண்ணாடி போட்ட கிளி ஒன்று உட்கார்ந்திருக்கும். பச்சை வந்தால் சிறகடித்துக் கூத்தாடும், சிவப்பு வந்தால் இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டு அழும். உலகத்தில் இருக்கிற அத்தனை பறவைகளையும் விட்டுவிட்டு, படிப்புச் சொல்லித்தரக் கிளியைப் பிடித்தவர் யாரோ, அவருக்கு எதுவும் உறுத்தவில்லை போலிருக்கிறது. நிறம் அன்றன்றைக்கே பெற்றோரின் போனுக்கும் போய்விடும். பள்ளி வாசலில் தாளாளர் ஒரு பெரிய டிவி மாட்டினார். எந்த வகுப்பில் எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு என்று அதில் நாள் முழுக்க ஓடும். சேர்க்கைக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

என் வகுப்பில் ஒரு பெண். முன்பற்கள் விழுந்து அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன. கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பாள். பிஸ்கட் உறை, வேனின் பின்னால் எழுதியிருப்பது, மருந்து டப்பா, என் சேலையில் ஒட்டியிருந்த கடைச் சீட்டு. சும்மா படித்துவிட்டு விடமாட்டாள், படித்ததோடு சண்டை பிடிப்பாள். மழை வந்தால் மயில் ஆடும் என்று பாடத்தில் இருந்ததைப் படித்துவிட்டு, எங்கள் ஊரில் மழையே இல்லாமல் ஆடுகிறது மிஸ், தக்காளித் தோட்டத்தைக் கொத்திவிட்டு ஆடுகிறது, எங்கள் அப்பா கல்லால் அடிப்பார் என்றாள். வகுப்பே சிரித்தது. புத்தகத்தில் இருப்பதும் தான் இருப்பதும் ஒரே உலகம்தான் என்று எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் பாடம் நடத்திய பிள்ளைகளில் அப்படி அமைந்தவர்கள் மிகவும் கொஞ்சம். அவளைப் பார்த்தால் எனக்கு வேலைக்கு வந்த அலுப்பே தெரியாது.

டேப்லெட் வந்த புதிதில் ஒரு நாள், பத்தியில் நாய் ஒன்று வந்தது. 'நாய் வாசலில் படுத்திருந்தது' என்று முதல் வரி. அவள் விரலை வைத்துக்கொண்டு, கொஞ்சமும் தயங்காமல், "குக்க வாசலில் படுத்திருந்தது" என்று படித்தாள். குக்க என்றால் தெலுங்கில் நாய். அவள் வீட்டில் அதுதான் பேச்சு. தான் மாற்றிப் படித்தது அவளுக்கே தெரியவில்லை. அடுத்த வரிக்குப் போவதற்கு முன், அதுக்குப் பசி மிஸ், யாரும் சோறு வைக்கவில்லை என்று வேறு சேர்த்துக்கொண்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. படிக்கத் தெரியாத பிள்ளை எழுத்துக்கூட்டினால் நாய் என்றுதான் வரும், இல்லாவிட்டால் நாக் என்றோ தாய் என்றோ தப்பாக வரும். அந்த எழுத்துகளைக் கூட்டி யாராலும் குக்க என்று கொண்டுவர முடியாது. எழுத்து அவளுக்குள் போய், அங்கே ஒரு நிஜ நாய் எழுந்து, அந்த நாயை அவள் வீட்டில் கூப்பிடுகிற பெயரில் கூப்பிட்டுவிட்டாள். படிப்பு என்பது அதுதானே ஐயா. அதற்காகத்தானே நாங்கள் தொண்டை வறள வறளக் கத்துகிறோம்.

மிஷின் சிவப்புக் காட்டியது. கிளி முகத்தை மூடிக்கொண்டு அழுதது. பக்கத்துப் பிள்ளைகள் கிளியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கிளியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவள் தலையைத் தடவி, நீ நன்றாகத்தான் படித்தாய் கண்ணு, அந்தக் கிளிக்குத் தெலுங்கு தெரியாது என்றேன். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிவப்பு அதற்குள் அவள் அப்பாவின் போனுக்குப் போய்விட்டது.

அடுத்தடுத்த நாட்களிலும் சிவப்புதான். இடையிடையே நிறுத்தி எதையாவது கேட்பாள், சொந்தமாக ஒரு வரி சேர்ப்பாள், ஆடு வந்தால் மேக்க என்பாள். அவள் நிறுத்துகிற ஒவ்வொரு இடமும் மிஷினுக்குத் தயக்கம், சேர்க்கிற ஒவ்வொரு சொல்லும் பிழை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் ரயில் மாதிரி ஓடினாள். அவளுக்குப் பச்சை.

ஒரு சாயங்காலம் அப்பா வந்தார். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து அப்படியே இறங்கி, சட்டையில் கம்பெனி பெயரோடு கேட்டருகே நின்றிருந்தார். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி செய்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் கம்பெனிக்குள் நுழைந்த முதல் ஆள் அவர். காண்ட்ராக்ட் வேலைதான் என்றாலும் அந்தச் சட்டையை அவர் மடிப்புக் கலையாமல் போட்டிருப்பார். கொஞ்சம் ராகி நிலமும் குத்தகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார். திரையின் கீழ்வரை சிவப்பு வட்டங்கள்.

"மிஸ், எங்க லைன்ல மஞ்ச டேக் போட்டா ரீவொர்க்கு. திருப்பி செஞ்சி எடுத்துக்குவாங்க. செவப்பு டேக் போட்டா ரிஜெக்ட்டு மிஸ். அத தனி தொட்டில போட்டு ஸ்கிராப்புக்கு அனுப்பிருவாங்க. எம் பொண்ணுக்கு தெனைக்கும் செவப்பு வருது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் குரலில் இருந்தது பயம். இந்த நிறங்களை உருவாக்கியவர்கள் ஏதோ சாலை விளக்கை நினைத்துப் போட்டிருப்பார்கள். இங்கே, இந்தப் பக்கத்து வீடுகளில், பாதிப் பேருக்கு அந்த மூன்று நிறமும் கம்பெனியில் ஒட்டுகிற டேக்தான். நாள் முழுக்க அந்த நிறத்தைப் பார்த்துப் பொருளைப் பிரித்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் பெற்ற பிள்ளையின் மேல் சிவப்பு டேக். நினைக்கவே அசிங்கமாக இருந்தது.

உங்கள் பெண்தான் என் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவள், அவள் தெலுங்கில் சொல்வதால் மிஷினுக்குப் புரியவில்லை என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, அடுத்த வருடம் சிவப்புப் பிள்ளைகளைத் தனி ரூமில் போடப்போகிறார்களாமே, நிஜமா என்று கேட்டார். நிஜம்தான். அடிப்படைப் பிரிவு என்று அதற்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. அங்கே புத்தகம் கிடையாது, டேப்லெட்டும் ஹெட்போனும் மட்டும்தான். ஆமாம் என்றேன்.

அவருக்குப் பெண் ஒதுக்கப்பட்டுவிடுவாளோ என்று பயம். எனக்கு அதோடு இன்னொரு பயமும் இருந்தது. அவள் முன்பு போல வேனின் பின்னால் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை என்பதை நான் கவனிக்க ஆரம்பித்திருந்தேன். பாடப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னால் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பெண் படிப்பதோடு சண்டை பிடிப்பதை விட்டுவிடுவாள் என்று பட்டது. அது போனால் எந்தப் பிரிவில் உட்கார்ந்து என்ன பயன்?

தாளாளரிடம் போனேன். நாயைச் சொன்னேன், ஆட்டைச் சொன்னேன். எனக்கு ஆத்திரம் வந்தால் குரல் கீச்சென்று போய்விடும், அன்றும் போயிற்று. அவர் வீட்டிலும் தெலுங்குதான், அவருக்குப் புரியாமல் இல்லை. சிரித்தார்கூட. பிறகு சொன்னார்: "ஒரு புள்ளைக்கோசரம் மிஷினை மாத்தச் சொல்ல முடியுங்களா மிஸ்? நாம புள்ளையத்தான் மாத்தணும்."

விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால் எல்லாவற்றையும் ஆப்பிலேயே எழுதிப் புகார் கொடுங்கள் என்றார்கள். எழுதினேன், தமிழில், கைவிரல் வலிக்க வலிக்க. உடனே பதில் வந்தது, அதுவும் மிஷின் எழுதிய பதில்தான். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றது. கீழே அந்தக் கிளி இறக்கையைக் கூப்பி வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. போனைத் தூக்கி எறியாமல் இருந்தது என் பணம் போட்டு வாங்கிய போன் என்பதால் மட்டும்தான்.

மறுநாள் எங்கள் வகுப்புக்கென்று இருந்த டேப்லெட்டுகளை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. புத்தகத்தை எடுத்து வட்டமாக உட்கார்ந்து படித்தோம். ஒருவர் படிக்க ஒருவர் எதிர்த்துப் பேச, வகுப்பு சந்தை மாதிரி இருந்தது. அந்தப் பெண் முதலில் வாயைத் திறக்கவில்லை. பிறகு மெல்ல, எங்கள் ஊர் நரி இப்படிச் செய்யாது மிஸ் என்று ஆரம்பித்தாள். எனக்கு மூச்சு வந்தது.

வாசலில் இருந்த டிவி அதைப் பொறுக்கவில்லை. என் வகுப்புக்கு நேராகச் சாம்பல் நிறம் காட்டியது. இயங்கவில்லை என்று அதற்கு அர்த்தமாம். உயிரோடு கத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்து இயங்கவில்லை என்கிறது. அதைவிட, பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். வேறு வகுப்புக்கெல்லாம் கலர் வருகிறது, எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் கலரே வரவில்லை என்று கேட்டார்கள். சிவப்பு வந்தால்கூடப் பரவாயில்லை, ஒன்றுமே வராமல் இருந்தால் எப்படி மிஸ் என்றார் ஒரு அம்மா. பாலிஹவுஸிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார், பாவம். அவர்களிடம் கோபப்படவும் முடியவில்லை. தாளாளர் என்னைக் கூப்பிட்டு, மரியாதையாகத்தான், உங்களுக்கு இது சரிப்படவில்லை என்றால் வேறு யாரையாவது மூன்றாம் வகுப்புக்குப் பார்க்கட்டுமா என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தேன்.

பிள்ளைகள் என்னைவிடச் சீக்கிரம் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். திரையில் 'கேள்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் மிஷினே பத்தியைப் படித்துக்காட்டும். ஒரு பெண் குரல், பல் தேய்க்கும் பிரஷ் விளம்பரத்தில் வருமே, அப்படி ஒரு இனிப்பு. அதை அழுத்தி, கேட்டு, சூட்டோடு சூடாக அதே ராகத்தில் திருப்பிச் சொன்னால் பச்சை. எழுத்தைப் பார்க்கவே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களை நான் பார்த்தேன். வகுப்பு முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில், ஒரே பெண்ணின் குரலில் முனகிக்கொண்டிருக்கும். வராந்தாவுக்குப் போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுத்தான் உள்ளே வருவேன். வாசல் டிவியில் எங்கள் பள்ளி பச்சைப்பசேல் என்று ஆகிக்கொண்டிருந்தது. தாளாளர் அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார்.

அந்தப் பெண் மட்டும் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை. தானே படித்தாள், சிவப்பு வாங்கினாள்.

அரைப் பரீட்சை நெருங்கிய ஒரு வாரத்தில் திடீரென்று அவளுக்குப் பச்சை வந்தது. அடுத்த நாளும் வந்தது. நான் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். அவள் குரலே இல்லை. அந்த விளம்பரக் குரல் அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. மிஷின் எங்கே மூச்சு விடுமோ அங்கே மூச்சு விட்டாள். இடையில் நாயும் ஆடும் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தன்று அப்பா வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. முகமெல்லாம் சிரிப்பு. ஷிப்ட் முடிந்து வந்து தினமும் பெண்ணோடு உட்காருவதாகச் சொன்னார். அவருக்கும் தமிழ் எழுத்து அவ்வளவாக வராது. ஆகவே போனுக்கும் வருகிற அதே பத்தியைத் திறந்து, அந்தப் பொத்தானை அழுத்தி, முதலில் அவர் கேட்டுச் சொல்வாராம், பிறகு அவள் சொல்வாளாம். சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப. அப்பாவும் பெண்ணும் ஒரே போனுக்கு முன்னால் உட்கார்ந்து ஒப்பிப்பதை நினைத்துப் பார்த்தேன்.

"எங்களுக்கும் ட்ரெய்னிங் இப்பிடித்தான் மிஸ். வீடியோ போடுவாங்க. அத பாத்துக்கினு அப்பிடியே செய்யணும். சொந்தமா ரோசனை பண்ணா பீஸ் ரிஜெக்ட் ஆயிரும். பாப்பாகிட்ட அதத்தான் சொன்னேன். நீ ஒண்ணும் சேக்காத சாமி, அது என்னா சொல்லுதோ அதயே சொல்லுன்னு."

தனக்குச் சோறு போட்ட ஒரே வித்தையைப் பெண்ணுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார். உழைத்துக் களைத்து வந்து, தூக்கத்தைக் கெடுத்துக் கொடுத்திருக்கிறார். கம்பெனியில் அது சரி, பீஸுக்கு அது சரி. பெண்ணுக்கு அது சரியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன முறை நான் சொன்னது தப்பு, மிஷின் சொன்னதுதான் சரி என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று அதைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவு நல்ல மனிதர். பெட்டியைத் திறந்து நீட்டினார். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அந்த வாரம் வாசல் டிவியில் அவள் படம் வந்தது, வார நட்சத்திரம் என்று. அப்பா அதற்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார். அடிப்படைப் பிரிவுக்கு அவள் போகவேண்டியதில்லை என்று உறுதியாகிவிட்டது.

பொங்கல் வரப்போகிற நேரம். ராகி அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பருவத்தில் சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்குவது எங்களுக்கு வழக்கம்தான். காட்டுப் பக்கம் போகாதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் எச்சரிக்கை வரும், வேன் சுற்றிக்கொண்டு வரும், சில நாள் வராமலே போகும். அந்த முறை கூட்டம் அந்தப் பெண்ணின் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. அவள் அப்பா குத்தகைக்கு எடுத்த நிலத்தில் இறங்கி, அறுத்துப் போட்டிருந்த ராகியைத் தின்றும் மிதித்தும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டுப் போயிருந்தது. ஊரே பட்டாசும் தீப்பந்தமுமாக ஓடியதாம். வேன் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் அன்று வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தாள்.

அன்று நான் புத்தகத்தையும் திறக்கவில்லை, அலமாரியையும் திறக்கவில்லை. யானை பார்த்தவர்கள் எல்லாம் சொல்லுங்கள் என்றேன். வகுப்பு பொங்கி வழிந்தது. யானையைப் பார்க்காதவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். ஒருத்தி தங்கள் வீட்டு ஓட்டுக் கூரைக்கு மேலாக யானை எட்டிப் பார்த்தது என்றாள், இன்னொருவன் தன் மாமாவைத் தூக்கி மரத்தில் வைத்தது என்றான். அவள் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆசை. இவள் வாயைத் திறந்தால் போதும், அந்தக் கிளியையும் டிவியையும் ஒரேயடியாக மறந்துவிடுவேன் என்று ஆசை. தெலுங்கில் சொன்னால் தெலுங்கில் சொல்லட்டும், அழுதால் அழட்டும். நான் அவளருகே போய்க் குனிந்து, உங்கள் ராகிக் காட்டுக்கு வந்ததாமே கண்ணு, நீ பார்த்தாயா, எப்படி இருந்தது, சொல்லு என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டாள். எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டு, அந்த இனிப்புக் குரலில், ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னாள்.

"யானை காட்டில் வாழும் பெரிய விலங்கு. அதற்கு நீண்ட தும்பிக்கை உண்டு. யானை இலை தழைகளைத் தின்னும். யானை நமது நண்பன்."

சில பிள்ளைகள் கை தட்டினார்கள், பச்சை வந்தால் தட்டுகிற மாதிரியே. அவள் என் கைகளைத் தேடிப் பார்த்தாள். அவற்றில் டேப்லெட் இல்லை. முகம் வாடிப்போயிற்று.

"பச்சையா மிஸ்?" என்று கேட்டாள்.

பச்சைதான் கண்ணு என்றேன். அவள் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டாள்.